ஒரே சந்து, 46 புது வீடுகள்: வண்டி எப்படிப் போகும், எங்கே நிற்கும்?

ஓரவீடு (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் கிராமத்தின் பின்புறம் காலியாகக் கிடக்கும் நிலத்தில் 46 வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. வீடு வருவதில் எனக்கு வருத்தமில்லை. பள்ளியில் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள், நாலு குடும்பம் வந்தால் ஊருக்கு நல்லதுதான். என் கவலையெல்லாம் அந்த நிலத்துக்குப் போகும் வழியைப் பற்றி. இருப்பது ஒரே ஒரு சந்து. அதன் முனையில்தான் என் வீடு.

சந்தின் நீளம் சுமார் 180 மீட்டர். வரைபடத்தில் அகலம் 5.2 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க கார்கள் நிற்கும். பழைய வீடுகள் பலவற்றில் காரை உள்ளே விட இடம் கிடையாது. என் மதில் சுவரின் மூலையில் இடுப்பு உயரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. குப்பை வண்டி திரும்பும்போதெல்லாம் உரசி உரசி விழுந்தது. இரண்டு முறை சிமென்ட் பூசினேன், மறுபடியும் பெயர்ந்துவிட்டது.

போன மாதம் நள்ளிரவில் ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. உதவியாளர் இறங்கி, நின்றிருந்த கார்களின் சைடு மிரர்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே முன்னால் நடந்தார். வண்டி அவர் பின்னால் ஊர்ந்து வந்தது. கடைசி வீட்டுக்காரர் வாசலில் நின்று டார்ச் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் என் மனதை விட்டுப் போகவில்லை.

விண்ணப்பத்தோடு வந்த போக்குவரத்து அறிக்கை 'சாலையோரம் நிற்கும் வண்டிகள் குறைவு, பாதிப்பு இருக்காது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆட்சேபணை எழுத மூன்று வாரம் இருக்கிறது. எப்படி எழுதினால் எடுபடும்?

---

மூன்றாம்_வரிசை

ஐயா, நெரிசலைப் பற்றி எழுதுங்கள். 46 வீடு என்றால் வீட்டுக்கு இரண்டு கார், 92 கார். அத்தனையும் காலையில் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் என்ன ஆகும்? ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

---

அளவுகோல்

நான் இருபது வருடமாகச் சாலை வடிவமைப்பில் இருக்கிறேன். மூன்றாம்_வரிசை சொல்வதோடு உடன்பட முடியவில்லை. மன்னிக்கவும்.

92 காரும் ஒரே மணியில் வெளியே வராது. அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் நிறுவனம் பல வருடக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. தனி வீடு ஒன்றுக்கு, போவதையும் வருவதையும் தனித்தனியாக எண்ணினால், ஒரு நாளைக்கு ஒன்பது பத்து பயணங்கள். மாலையில் அதிகம் ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கை இங்கே போட்டால் உச்ச மணியில் 43 வண்டிகள். எந்தச் சாலைக்கும் இது பெரிய எண்ணிக்கை இல்லை. 'நெரிசல் வரும்' என்று 300 பேர் கையெழுத்திட்டாலும் நிறுவனத்தின் ஆலோசகர் இந்த ஒரு எண்ணைக் காட்டி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். நான் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தெரியும்.

அதே 43-ஐ உங்கள் சந்துக்குள் வைத்துப் பாருங்கள். மணிக்கு 43 என்றால் சுமார் 84 நொடிக்கு ஒரு வண்டி. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 180 மீட்டரைக் கடக்க 43 நொடி ஆகும். ஒரு பக்கம் கார் நின்று, மிச்சமிருப்பது ஒரே வண்டி போகும் அகலம் என்றால், ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே இன்னொன்று வந்து நிற்க நிறைய வாய்ப்பு. யாராவது ஒருவர் பின்னால் எடுக்கவேண்டும். பின்னால் எடுத்தால் உங்கள் முனையில், மெயின் ரோட்டுக்குள் போய் நிற்பார்கள். எழுதவேண்டியது இதைத்தான்.

அதற்கு முதலில் அகலம் வேண்டும். வரைபடத்தில் இருக்கும் அகலம் போதாது, வண்டிகள் நிற்கும்போது மிஞ்சும் அகலம் வேண்டும். அதை யாராவது அளந்தீர்களா?

---

ஓரவீடு

இல்லை. கண்ணால் பார்த்ததுதான். நாளை இரவு டேப் எடுத்துக்கொண்டு போகிறேன்.

---

தணல்

ஓய்வு பெற்ற தீயணைப்புக்காரன் பேசுகிறேன். ஆம்புலன்ஸ் உள்ளே வந்துவிட்டது, சரி. எங்கள் வண்டி வராது.

தீயணைப்பு வண்டியின் உடல் அகலம் மட்டும் சுமார் இரண்டரை மீட்டர், கண்ணாடி தனி. உள்ளே நுழைவதற்கு ஒரு அகலம் போதும், நின்று வேலை செய்வதற்கு வேறு அகலம் வேண்டும். பக்கவாட்டுக் கதவைத் திறக்கவேண்டும், குழாயை இழுக்கவேண்டும், ஏணியை இறக்கவேண்டும். இங்கிலாந்தில் 2007-ல் வெளியான குடியிருப்புச் சாலை வழிகாட்டி இதற்கு 3.7 மீட்டர் கேட்கிறது. வீட்டுக்கு அருகில் போய் நிற்க முடியும் என்றால், நடுவில் கொஞ்ச தூரம் 2.75 மீட்டர் வரை குறையலாம் என்கிறது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து வீடு 45 மீட்டருக்குள் இருக்கவேண்டும், 20 மீட்டருக்கு மேல் ரிவர்ஸ் எடுக்க வைக்கக்கூடாது என்றும் இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பு இன்னும் கறார்: தடையில்லாத 20 அடி, அதாவது ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். முட்டுச்சந்து 150 அடியைத் தாண்டினால் கடைசியில் வண்டி திரும்ப இடம் வேண்டும்.

அதே தொகுப்பின் பிற்சேர்க்கை ஒன்று, 30 வீட்டுக்கு மேல் போனால் இரண்டு தனித்தனி வழி வேண்டும் என்கிறது. வீடுகளுக்குள்ளேயே தானியங்கி நீர்த்தெளிப்பான் வைத்தால் விலக்கு உண்டு. உங்கள் ஊரில் எந்த விதி செல்லுபடியாகும் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். இருக்கிற ஒரே வழியை ஒரு வண்டி அடைத்துக்கொண்டால் 46 குடும்பம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஒரு முறை எங்கள் வண்டி இப்படி ஒரு சந்துக்குள் போக முடியாமல் முனையிலேயே நின்றது. குழாயைத் தோளில் சுமந்து ஓடினோம். ஒவ்வொரு துண்டாக மாட்டி, நீர் வந்து சேரும்போது கூரை போய்விட்டது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

---

நடைவழி

யாரும் நடப்பவர்களைப் பற்றிப் பேசவில்லையே. எங்கள் பகுதியில் இதே மாதிரி ஒரு குடியிருப்பு வந்தது. சாலை குறுகல் என்றதும் எல்லோரும் காரின் இரண்டு சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றி நிறுத்த ஆரம்பித்தார்கள். கார் போக வழி கிடைத்தது. என் அப்பாவின் சக்கர நாற்காலி போக வழியில்லை. தினமும் அவரைச் சாலைக்குள் இறக்கி, எதிரே வரும் வண்டியைப் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போகிறேன். நடைபாதையின் ஓரக்கல் உடைந்து, மழைக்குத் தண்ணீர் தேங்கி, இப்போது நல்ல கால் உள்ளவர்களும் அதில் நடப்பதில்லை. 'நடைபாதை உண்டு' என்று வரைபடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதன் மேல் கார் ஏறாமல் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

---

புதுவாசல்

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்களுக்குத் திருமணமாகி ஆறு வருடம். பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு வீடு வாங்க முடியவில்லை, ஏனென்றால் வீடே இல்லை. ஒவ்வொரு திட்டம் வரும்போதும் யாராவது 'பார்க்கிங்' என்று எழுதுகிறார்கள், திட்டம் நின்றுபோகிறது.

ஓரவீடு ஐயாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இன்றைக்கு அந்தச் சந்தை அடைத்து நிற்கும் கார்கள் யாருடையவை? இன்னும் கட்டாத வீடுகளுடையவை இல்லையே. அந்த ஆம்புலன்ஸ் ஊர்ந்து போனபோது 46 வீட்டில் ஒன்றுகூட வரவில்லை. ஏற்கெனவே இருப்பவர்கள் பொதுச் சாலையைத் தங்கள் வீட்டு ஷெட் மாதிரி வைத்துக்கொண்டு, புதிதாக வருபவர்களிடம் இடமில்லை என்பது நியாயமா?

கார் வைத்திருப்பவர்தான் அதற்கு இடமும் காட்டவேண்டும். ஜப்பானில் 1962-லிருந்து அப்படி ஒரு சட்டமே இருக்கிறது. வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் உண்டு என்று காவல்துறையிடம் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும்.

---

மூன்றாம்_வரிசை

ஜப்பான் கதை இங்கே எதற்கு? இங்கே பாட்டன் காலத்து வீடுகள். அப்போது கார் ஏது? அவர்கள் எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள்?

---

அளவுகோல்

தங்கை கேட்டது சரியான கேள்வி, மூன்றாம்_வரிசை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நிறுவனத்தின் ஆள் கேட்கப்போவதும் இதைத்தான். இப்போதே பதில் யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்க இந்த நிறுத்தப் பிரச்சினையைத்தான் ஆராய்ந்தார். ஒரு கார் 95 சதவீத நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர். வீட்டுக்கு இத்தனை இடம் கட்டாயம் என்ற விதியே தவறு, அது காரைத்தான் பெருக்குகிறது என்பது அவர் வாதம். அதைக் கேட்டு 2017-ல் பஃபலோ நகரம் அந்தக் கட்டாயத்தையே நீக்கியது. ஆனால் அது நகரம். நடந்தே கடைக்குப் போகலாம், பேருந்து வரும். பேருந்து எட்டிப் பார்க்காத கிராமத்தில் காருக்கு இடம் ஒதுக்காவிட்டால் கார் குறையாது, சாலைக்கு வந்து நிற்கும். ஷூப் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இந்த இடத்துக்கு அவர் மருந்து பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

ஓரவீடு ஐயா, வீட்டுக்கு இரண்டு கார் என்று நிறுவனம் காட்டும் 92 நிறுத்துமிடம் எங்கெங்கே என்று வரைபடத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஓரவீடு

பார்த்தேன். வீட்டுக்கு ஒரு கார் ஷெட், அதற்கு நேர் முன்னால் இன்னொரு கார். விருந்தாளிகளுக்கு மொத்தம் ஐந்து இடம், எல்லாம் நுழைவாயில் பக்கமே.

நேற்று இரவு அளந்தும் பார்த்தேன். மூன்று இடத்தில். என் வீட்டுப் பக்கம் 3.1 மீட்டர். நடுவில், மின்கம்பம் இருக்கும் இடத்தில் 2.7. கடைசியில் 3.3. வரைபடத்தில் எல்லா இடமும் 5.2.

அப்புறம், புதுவாசல் கேட்டதற்குப் பதில். 3.1 என்று சொன்னேனே, அந்த இடத்தில் நிற்கும் கார் என்னுடையது. இரண்டாவது கார். வீட்டுக்குள் அதற்கு இடம் இருக்கிறது, அங்கே பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது தப்பில்லை அம்மா.

---

அளவுகோல்

2.7! தணல் அண்ணன் சொன்ன குறைந்தபட்ச 2.75-க்கும் கீழே. உங்கள் ஆட்சேபணையின் முதல் வரி இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அந்த 92-ஐப் பார்ப்போம். ஷெட் என்று வரைவது கார் நுழைந்து, கதவைத் திறந்து ஆள் இறங்கும் அளவுக்கு இருக்கிறதா? உள்ளளவு மூன்றுக்கு ஆறு மீட்டராவது வேண்டும். அப்படியே இருந்தாலும் நிறையப் பேர் அதில் சாமான்தான் வைப்பார்கள், ஐயா சொன்ன மாதிரி. அடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இடம். உள்ளே இருப்பதை எடுக்க வெளியே இருப்பதை நகர்த்தவேண்டும். காலையில் அவசரமாகக் கிளம்புகிற வீட்டில் ஒரு வாரம் செய்வார்கள், அப்புறம் ஒன்றைச் சாலையில் விட்டுவிடுவார்கள். தாளில் 92 என்று இருப்பது நடைமுறையில் ஐம்பது, அறுபதாகச் சுருங்குவதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். மிச்சம் உங்கள் சந்துக்குத்தான் வரும். பக்கம் பக்கமாக இரண்டு கார் நிற்கும்படி மாற்றச் சொல்லுங்கள். ஒரு காருக்கு 2.4-க்கு 4.8 மீட்டர் என்பது வழக்கமான அளவு. விருந்தாளி இடங்களை ஐந்தாறு இடமாகப் பிரித்து உள்ளே பரப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி. 'நிற்கும் வண்டிகள் குறைவு' என்று எழுதினார்களே, எத்தனை மணிக்கு எண்ணினார்கள்?

---

ஓரவீடு

பின்னிணைப்பில் தேடிப் பிடித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி. ஏழு கார்.

---

அளவுகோல்

அப்படித்தான் நினைத்தேன். காலை 11 மணிக்கு ஊரே வேலைக்குப் போயிருக்கும். குடியிருப்புப் பகுதியில் கணக்கெடுக்கவேண்டிய நேரம் எல்லோரும் வீடு திரும்பித் தூங்கும் நேரம். லண்டனின் லாம்பெத் நகராட்சி வகுத்த முறையை இங்கிலாந்தில் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். வார நாளில் இரண்டு இரவு, நள்ளிரவு 12.30-க்கும் விடியற்காலை 5.30-க்கும் இடையில், 200 மீட்டர் நடை தூரத்துக்குள் எண்ணவேண்டும். வாசல்களையும் திருப்பங்களையும் கழித்து, நிறுத்தக்கூடிய நீளத்தை அளந்து, ஐந்து மீட்டருக்கு ஒரு கார் என்று வகுத்தால் மொத்த இடம் எத்தனை என்று தெரிந்துவிடும். ஒரு ஆள், ஒரு டேப், ஒரு நோட்டு போதும். தேதி, மணி, வானிலை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது டேப்பில் இருக்கும் எண் தெளிவாகத் தெரியவேண்டும், கார்களின் எண் பலகை தெரியக்கூடாது. அண்டை வீட்டாரை மாட்டிவிடுவதாக ஆகிவிடும்.

---

நடைவழி

ஐயா, முனையில் பார்வைத் தூரத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள். எங்கள் ஊரில் விபத்து நடந்தது அங்கேதான்.

---

அளவுகோல்

ஆமாம், அதை விட்டுவிட்டேன். சந்திலிருந்து வெளியே வரும் ஓட்டுநரின் கண், மெயின் ரோட்டு விளிம்பிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் எவ்வளவு தூரம் தெரிகிறது? தணல் அண்ணன் சொன்ன அதே வழிகாட்டி, மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடும் சாலைக்கு 43 மீட்டர் கேட்கிறது. 20 மைல் வேகம் என்றால் 25 மீட்டர். பலகையில் எழுதிய வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நிஜமாக ஓடும் வேகத்தை எடுங்கள். உங்கள் மதில் சுவர் பார்வையை மறைத்தால், அதை வளைத்துக் கட்டுவதற்கு நீங்கள் இடம் கொடுப்பீர்களா என்பதும் வரும். யோசித்து வையுங்கள்.

---

தணல்

கட்டுமானக் காலத்தையும் மறந்துவிடாதீர்கள். வீடு வந்த பிறகு வரும் கார்களை விட, வருவதற்கு முன் இரண்டு வருடம் ஓடும் டிப்பரும் கான்கிரீட் கலவை வண்டியும்தான் சந்தை நாசம் செய்யும். பள்ளி விடும் நேரத்தில் கனரக வண்டி வரக்கூடாது, வேலையாட்களின் வண்டி மனைக்குள்ளேயே நிற்கவேண்டும், சாலை உடைந்தால் யார் சரிசெய்வது என்பதையெல்லாம் அனுமதியின் நிபந்தனையாகவே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் நிற்காது.

இரண்டாவது வழி எதுவும் இல்லையா? மாட்டு வண்டிப் பாதை, வாய்க்கால் கரை, ஏதாவது?

---

ஓரவீடு

வடக்கே ஒரு மண்பாதை உண்டு. நிலத்தின் பின் எல்லையிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிறது. அதுவும் அதே நிலத்துக்காரருடையது என்று சொல்கிறார்கள், பத்திரம் பார்க்கவேண்டும். நடுவில் ஒரு சிறுபாலம் இருக்கிறது.

---

தணல்

அதைத்தான் பிடிக்கவேண்டும்! தினசரிப் போக்குவரத்துக்கு வேண்டாம் என்றாலும், அவசர வழியாக வைக்கலாம். இரண்டு முனையிலும் கழற்றக்கூடிய கம்பம், சாவி தீயணைப்பு நிலையத்தில். மற்ற நாளில் பிள்ளைகள் சைக்கிளில் போகட்டும். சிறுபாலம் தண்ணீர் நிரம்பிய வண்டியின் எடையைத் தாங்குமா என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். எங்கள் வண்டி பத்து டன்னுக்கு மேல்.

---

புதுவாசல்

நான் கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. நீங்கள் அந்தக் காரைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை, சொன்னீர்கள்.

ஒன்று தோன்றியது. பழைய வீட்டுக்காரர்களுக்கும் புது மனைக்குள்ளேயே, சந்து முடியும் இடத்தில், ஒரு பொது நிறுத்தம் கேட்டால் என்ன? இருபது காருக்கு இடம் கிடைத்தாலே சந்து திறந்துவிடும். புதிதாக வருபவர்களும் நிம்மதியாக வந்துபோவார்கள். சந்தில் வெறும் 'நிறுத்தாதே' பலகை வைத்தால் கார்கள் அடுத்த தெருவுக்குப் போய் நிற்கும், அங்கே ஒரு சண்டை ஆரம்பிக்கும்.

---

அளவுகோல்

நல்ல யோசனை. அந்த இடம் நிலையாகப் பொதுப் பயன்பாட்டில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் வரவேண்டும். இல்லாவிட்டால் நாலு வருடம் கழித்து அங்கே இன்னும் இரண்டு வீடு முளைக்கும். வீடுகளில் ஆள் குடியேறும் முன்பே அதைத் திறக்கவேண்டும் என்றும் எழுதுங்கள். திட்டம் முடிந்த பிறகு என்று விட்டால் வராது.

---

மூன்றாம்_வரிசை

சரி, கையெழுத்து இயக்கத்தை நிறுத்திவிட்டேன். ஐயாவோடு நானும் போய் எண்ணுகிறேன். என் காரும் அந்தச் சந்தில்தான் நிற்கிறது.

---

ஓரவீடு

இரண்டு இரவும் முடிந்தது. செவ்வாய், புதன், இரண்டு நாளும் இரவு ஒரு மணிக்குப் போனோம். நிறுத்தக்கூடிய நீளம் 115 மீட்டர், அதாவது 23 காருக்கு இடம். செவ்வாய் 21 கார், புதன் 22. அவர்கள் எண்ணியது ஏழு. பார்வைத் தூரம் இடப்பக்கம் 40 மீட்டருக்கு மேல் தெரிகிறது. வலப்பக்கம் என் மதில் மறைத்து 19-தான். மூலையை உள்ளே தள்ளிக் கட்ட நான் சம்மதம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டேன். எப்படியும் அந்த மூலை பெயர்ந்துதான் கிடக்கிறது.

கடிதம் இரண்டு பக்கம். 2.7 முதல் வரி. வடக்குப் பாதை, பொது நிறுத்தம், பக்கம் பக்கமாக நிறுத்தும் இடம், நடைபாதையில் கார் ஏறாதபடி தடுப்பு, டிப்பர் நேரம் எல்லாம் நிபந்தனையாகக் கேட்டிருக்கிறேன். வீடு வேண்டாம் என்று எங்கேயும் எழுதவில்லை. கூட்டம் அடுத்த வியாழன் காலை 10 மணி.

ஞாயிற்றுக்கிழமை சாமானை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுக் காரை உள்ளே விட்டேன். அந்த இடத்தில் திரும்பவும் டேப் பிடித்துப் பார்த்தோம். 5.1.

---

புதுவாசல்

வியாழன் நானும் வருகிறேன் ஐயா. வீடு வேண்டும் என்று கேட்பவள் ஒருத்தி அதே கடிதத்துக்கு ஆதரவாகப் பேசினால் அவர்களும் கொஞ்சம் கவனிப்பார்கள். வடக்குப் பாதைப் பத்திரத்தின் நகல் கிடைத்தால் கொண்டுவருகிறேன், பதிவு அலுவலகத்தில் நாளை விண்ணப்பம் போடுகிறேன்.